பெயரில் தேதி மாறும் கோப்புகளை ஜோடி சேர்த்து ஒப்பிட பாஷ் ஸ்கிரிப்ட்: உதவி தேவை

பழையது, புதியது என்று இரண்டு ஃபோல்டர்கள். இரண்டிலும் அதே அறிக்கைகள்தான், ஆனால் பெயரின் கடைசியில் தேதி மாறும். பழையதில் ‘இருப்பு-20240301’ என்றால் புதியதில் ‘இருப்பு-20240401’. சிலவற்றில் தேதிக்குப் பின்னால் ‘-வி2’ என்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் டிஃப் (இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் கட்டளை) ஓட வேண்டும். இயங்குதளம் உபுண்டு 22.04, கட்டளை ஷெல் பாஷ் 5.1.

ஃபோல்டர்களை முழுதாக ஒப்பிடும் ‘டிஃப் -ஆர்’ உதவவில்லை. பெயர் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் அது ஒப்பிடும். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் மட்டும் இருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடும். அப்புறம் ஃபார் லூப்பில், கடைசி ஹைஃபனிலிருந்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மிச்சத்தோடு நட்சத்திரக் குறி (அந்த இடத்தில் எது வந்தாலும் பொருந்தும்) சேர்த்துத் தேடினேன். பாதி சரியாக வந்தது. ஆனால் ‘இருப்பு*’ என்று தேடினால் ‘இருப்பு-கிடங்கு-20240401’ கோப்பும் சேர்ந்து வருகிறது; டிஃப்புக்கு மூன்று கோப்புகள் போய்ப் பிழை காட்டுகிறது. ‘-வி2’ உள்ளவற்றில் அது மட்டும் வெட்டுப்பட்டு, தேதி அப்படியே நிற்கிறது. அதனால் ஜோடியே கிடைப்பதில்லை, இதுதான் பெரிய தலைவலி. பெயரில் இடைவெளி இருப்பது பிரச்சினையில்லை, இரட்டை மேற்கோள் போட்டுவிட்டேன்.

தேதியையும் ‘-வி2’ இருந்தால் அதையும் சேர்த்து நீக்கி, மீதிப் பெயர் முழுதாகப் பொருந்தும் கோப்பை மட்டும் ஜோடி சேர்க்க பாஷில் எப்படி எழுதுவது?