இரும்பு ஆக்சைடில் இரும்பு இரண்டுதானே, பெயரில் ஏன் 3?

ஜெலுத்தோங் அப்பா:
வணக்கம். மகள் நான்காம் படிவம், வேதியியலை மலாயில் படிக்கிறாள். இரும்பு 2, ஆக்சிஜன் 3 உள்ள சேர்மத்துக்குப் புத்தகத்தில் ஃபெரும்(3) ஒக்சிடா என்று போட்டிருக்கிறது, அந்த 3 ரோமன் எண்ணில். அது ஆக்சிஜனின் எண்ணிக்கையா என்று கேட்கிறாள். அப்படியென்றால் ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும் கறுப்புக் காப்பர் ஆக்சைடில் 2 ஏன்? துத்தநாகத்துக்கு எண்ணே இல்லை. அடுத்த வாரம் சோதனை, யாராவது விளக்குங்களேன்.

பிறை டியூஷன் டீச்சர்:
ஐயா, நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். ரோமன் எண் அணுக்களின் எண்ணிக்கை இல்லை, ஒவ்வோர் இரும்பு அயனிக்கும் (அதாவது எலெக்ட்ரானை இழந்த இரும்பு அணுவுக்கும்) உள்ள மின்னூட்டம். ஆக்சைடு அயனி 2−, மூன்று சேர்ந்தால் 6−, அதைச் சமன் செய்ய இரண்டு இரும்பும் சேர்ந்து 6+ தர வேண்டும், ஆக ஆளுக்கு 3+. காப்பருக்கும் இதே கணக்குதான்: ஓர் ஆக்சிஜனுக்கு ஒரே காப்பர் என்றால் அது 2+. இரண்டு காப்பருக்கு ஓர் ஆக்சிஜன் என்று சிவப்பாக ஒரு ஆக்சைடு உண்டு, அங்கே ஆளுக்கு 1+, அதனால் காப்பர்(1) ஆக்சைடு. துத்தநாகம் சேர்மங்களில் 2+ ஆகத்தான் வரும், குழப்பத்துக்கு இடமில்லை, எண்ணும் தேவையில்லை. பெயரை மனப்பாடம் செய்யாமல் மின்னூட்டத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

லேப் அண்ணன், புக்கிட் மெர்தாஜம்:
டீச்சர் சொன்ன 2+, 3+ வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரும்பு(2) சல்பேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அழுக்குப் பச்சையில் வீழ்படிவு, அதாவது கரையாமல் பிரிந்து நிற்கும் திடப்பொருள், வரும், இரும்பு(3) என்றால் பழுப்பு. இரண்டுமே அதிகம் ஊற்றினாலும் கரையாது. அந்தப் பச்சையை அப்படியே குழாயில் விட்டுவைத்தால் காற்று படுகிற மேல்பக்கம் மெல்லப் பழுப்பாகும், அங்கே இரும்பு இன்னும் ஓர் எலெக்ட்ரானை இழந்து 3+ ஆகிறது. மாணவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள், தங்கச்சியிடம் நிறத்தைப் பார்த்த உடனே எழுதச் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் அப்பா:
ரொம்ப நன்றி, அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் இன்னொன்று, சல்பேட், சல்பைட், சல்பைடு மூன்றும் குழப்புகிறது.

பிறை டியூஷன் டீச்சர்:
மூன்றுக்கும் மின்னூட்டம் 2−தான், ஆக்சிஜன்தான் மாறுகிறது. சல்பைடில் ஆக்சிஜன் கிடையாது, சல்பைட்டில் 3, சல்பேட்டில் 4. ஆனால் குணம் வேறு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் சல்பைட் மூச்சை அடைக்கும் சல்பர் டைஆக்சைடைத் தரும், சோடியம் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அதுவும் நச்சு வாயு, குழாயை முகர்ந்து பார்க்கக் கூடாது. சல்பேட் சும்மா இருக்கும். அதில் பேரியம் குளோரைடு விட்டால்தான் வெள்ளை வீழ்படிவு.