களக்குறிப்பும் சொந்த டைரியும் ஒரே நோட்டிலா?

மானிடவியல் களப்பணி செய்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். ஆட்கள் பேசும்போதே நோட்டை எடுத்தால் பேச்சு மாறிவிடுகிறது, அதனால் பகலில் ஓரிரு சொற்களை மட்டும் கிறுக்கிவைத்து ராத்திரி விரித்து எழுதுகிறேன். அதில் பார்த்தது, கேட்டது, என் எரிச்சல், சலிப்பு எல்லாம் கலந்துவிடுகிறது. நியூ கினி பக்கத்து ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் களப்பணி செய்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி தன் புழுக்கத்தையெல்லாம் தனி டைரியில் கொட்டினார், இறந்து 25 ஆண்டு கழித்து 1967இல் அது அச்சாகிப் பெரிய சர்ச்சையானது (நம் டைரியை யார் அச்சிடப்போகிறார்கள், அது வேறு விஷயம்). ஆனால் தனியாக வைத்தால், என் சார்பு எந்தக் குறிப்பில் புகுந்தது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? வலது பக்கம் நடந்தது, இடது பக்கம் என் எண்ணம் என்று யாராவது பிரித்து எழுதியிருக்கிறீர்களா? அப்புறம், ஆட்களின் பெயரை அன்றைக்கே மாற்றிவிடுவீர்களா, ஆய்வேடு எழுதும்போதா?