மறு: தபால் பெட்டி 'அலர்ட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். தபால் பெட்டியின் கதவு திறந்ததும் வீட்டுக்குள் இருக்கும் நமக்குச் செய்தி சொல்லும் சின்னக் கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இழைக்கு என் பதில் இது.

> 'அஞ்சல் வரவறிவி' என்றே வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரிதான் ஐயா. ஆனால் அந்தக் கருவிக்குத் தெரியாத ஒன்றை அது அறிவிப்பதாக இந்தப் பெயர் சொல்கிறது. இங்கே அமெரிக்கப் புறநகர்களில் தபால் பெட்டி பெரும்பாலும் வீட்டு வாசலில் இருக்காது. சாலையோரம் ஒரு கம்பத்தின் மேல் நிற்கும். தபால்காரர் வண்டியிலிருந்து இறங்காமலே கைநீட்டிப் போட வேண்டும் என்பதால், பெட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 41 முதல் 45 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கொடி இருக்கும். நாம் அனுப்பும் கடிதம் உள்ளே இருக்கிறது என்று தபால்காரருக்குச் சொல்லத்தான் அது. நமக்கு வந்திருப்பதைச் சொல்ல ஒன்றும் கிடையாது. பனியில் கோட்டும் பூட்சும் மாட்டிக்கொண்டு போய், காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் இதை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள்.

கருவி செய்வது இவ்வளவுதான். பெட்டியின் கதவில் ஒரு சின்னக் காந்தம், உட்புறம் ஒரு ரீட் சுவிட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் நிக்கல் கலந்த இரும்பில் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும், கதவு திறந்தால் பிரிந்துவிடும். அந்த நொடியில் தூங்கிக்கொண்டிருந்த சில்லு விழித்து, லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும் ரேடியோ முறை) வழியாக வீட்டுக்கு ஒரு குட்டிச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். தகரப் பெட்டி அலைகளைத் தடுக்கும் என்பதால் ஆன்டெனாவை மட்டும் வெளியே நீட்ட வேண்டும். (இங்கே 915 மெகாஹெர்ட்ஸ் பட்டை. இந்தியாவில் செய்து பார்ப்பவர்கள் 865–867க்கான மாட்யூலாகப் பார்த்து வாங்குங்கள்.)

ஆக, கதவு திறந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். நாம் வைத்த கடிதத்தை எடுக்கத் தபால்காரர் திறந்தாலும் சொல்லும், நாமே போய்த் திறந்தாலும் சொல்லும். இதில் 'வரவு' எங்கே இருக்கிறது? அப்புறம், 'அறிவி' என்பதைச் செயலியில் ஒரு பொத்தானின் மேல் போட்டால் ஏவலாகத்தான் படிப்பார்கள்.

> அப்படியானால் 'திறப்புணரி'?

எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றால் சாவி. "திறப்பைக் காணேல்லை" என்று தேடுகிறவர்கள், தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கும் கருவி என்று நினைத்து ஆசையாக வாங்கிவிடுவார்கள். பெட்டிக்குள் இருக்கும் பகுதிக்குக் 'கதவுணரி' போதும்.

முழுக் கருவிக்கு 'எச்சரிக்கை மணி' வேண்டாம். வருவதெல்லாம் கிரெடிட் கார்டு பில் என்றால் பொருந்தும்தான். என் வாக்கு 'அஞ்சல் அழைப்புமணி'க்கு. வீட்டு அழைப்புமணியும் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. போய்க் கதவைத் திறந்தால்தான் தெரியும். 'தபால்மணி' இன்னும் சின்னது, ஆனால் மணியார்டர் வந்து காதில் குறுக்கே நிற்கிறது.

ரீட் சுவிட்சுக்கு 'நாணல் ஆளி' என்ற யோசனையில் பாதி எனக்குச் சம்மதம் ('ரீட்' என்றால் நாணல், 'ஆளி' என்றால் சுவிட்ச்). 'ஆளி' இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல், நாமும் எடுத்துக்கொள்ளலாம். நாணல்தான் உதைக்கிறது; உள்ளே இருப்பது உலோகத் தகடு. வெறும் 'காந்த ஆளி' என்றாலும் போதாது. ஹால் விளைவில் (மின்னோட்டம் பாயும் பொருளில் காந்தப்புலம் குறுக்காக மின்னழுத்தத்தை உண்டாக்குவது) இயங்கும் ஆளியும் காந்தத்துக்குத்தான் அசைந்து கொடுக்கிறது, அதில் தொட்டுப் பிரியும் தகடே கிடையாது. 'காந்தத் தகட்டாளி' என்று எழுதினால் குழப்பம் இல்லை.

டிரான்ஸ்மிட்டர், ரிசீவருக்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம் என்பது என் கருத்து. பாடநூலில் இருக்கும் பரப்பி, ஏற்பி இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்வோம்.