பிரெடிகேட்: பயனிலையா, அடையா?

வணக்கம்.

எக்ஸ்எம்எல் ஆவணத்தில் வேண்டிய பகுதிகளைத் தேடியெடுக்கும் எக்ஸ்பாத் மொழிக்கான கையேட்டில் கணு, படி, அச்சு, பெயர்வெளி என்ற நான்கு கலைச்சொற்களும் முடிந்தன. கிடைத்த கணுக்களில் (ஆவண உறுப்புகளில்) எவை வேண்டும் என்று சதுர அடைப்புக்குள் எழுதும் பிரெடிகேட்தான் பாக்கி. வரைவில் ஓரிடத்தில் பயனிலை, ஓரிடத்தில் வடிகட்டி, ஓரிடத்தில் நிபந்தனை என்று கலந்து கிடக்கிறது. எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரலகங்களான பைத்தானின் எலிமெண்ட்ட்ரீயும் எல்எக்ஸ்எம்எல்லுக்கு அடியில் ஓடும் லிப்எக்ஸ்எம்எல்2வும் பிழைச்செய்தியிலேயே இச்சொல்லைக் காட்டுகின்றன. எனவே ‘செல்லாத’ (இன்வேலிட்) என்பதற்குப் பின்னால் பொருந்தி உட்காரும் சொல்லாக வேண்டும். என் தெரிவு பயனிலை. அகராதிகளில் ஏற்கெனவே உள்ள சொல்.

———

> அகராதிகளில் ஏற்கெனவே உள்ள சொல்.

இருப்பது இலக்கணப் பயனிலை. ‘இந்நூல் விலை குறைந்தது’ என்றால் வாக்கியம் முடிந்துவிடும். //நூல்[விலை < 200] எதையும் முடிப்பதில்லை. ‘200க்குக் குறைந்த விலையுள்ள நூல்’ என்று பெயரைச் சிறப்பித்து நிற்கிறது. தமிழில் அதற்குப் பெயர் அடை. மற்ற வடிவங்களையும் வாய்விட்டுப் படியுங்கள்:

//நூல்[விலை] : விலை தரப்பட்ட நூல்
//நூல்[@மொழி = 'தமிழ்'] : மொழி தமிழாக உள்ள நூல்
//நூல்[3] : மூன்றாம் நூல்

‘நிபந்தனை’ சறுக்குவது மூன்றாவதில். 1999இல் வந்த எக்ஸ்பாத் 1.0 விதிப்படி, அடைப்புக்குள் கிடைக்கும் மதிப்பு எண்ணாக இருந்தால் கணுவின் இடத்தோடு ஒப்பிடப்படும். வேறு எதுவானாலும் மெய் அல்லது பொய் ஆக்கப்படும். இது தெரியாமல் பலர் மாட்டிக்கொள்வார்கள். எல்எக்ஸ்எம்எல்லில் //நூல்[$எண்] என்று எழுதி, மாறிக்கு 3 என்ற எண்ணைக் கொடுத்தால் மூன்றாம் நூல் வரும். அதையே மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுத்தால் எல்லா நூலும் வந்து கொட்டும், ஏனெனில் வெற்றில்லாத சரம் எப்போதும் மெய். பிழைச்செய்தி கிடையாது.

‘வடிகட்டி’யை நான் ஏற்காததற்குக் காரணம் வேறு. வடிகட்டிகளை எந்த வரிசையில் வைத்தாலும் கடைசியில் மிஞ்சுவது ஒன்றுதான் என்ற எண்ணத்தை அது தருகிறது. இங்கே வரிசை மாறினால் விடை மாறும்:

//நூல்[விலை < 200][1] : விலை குறைந்தவற்றுள் முதலாவது
//நூல்[1][விலை < 200] : முதலாவது, அதுவும் விலை குறைந்ததாக இருந்தால்

எலிமெண்ட்ட்ரீயில் இந்த இரண்டுமே எடுபடாது. பெரிது, சிறிது ஒப்பீடு அதில் இல்லை. இட எண்ணும் குறிச்சொல்லை ஒட்டியே வர வேண்டும்.

எதிர்மறையில் அடை இன்னும் நன்றாக உழைக்கிறது. [@மொழி != 'தமிழ்'] என்பது ‘தமிழ் அல்லாத மொழி குறிக்கப்பட்ட நூல்’. மொழிப் பண்பே (@ குறி காட்டும் ஆட்ரிபியூட்) இல்லாத நூல் இதில் வராது. சமன்பாட்டை ‘நாட்’ (not) என்ற மறுப்புச் செயற்கூறுக்குள் பொதிந்தால் ‘தமிழ் எனக் குறிக்கப்படாத நூல்’. பண்பு இல்லாததும் சேர்ந்து வரும். ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக விளக்குவதைத் தமிழ் எச்சங்கள் சும்மா சொல்லிவிடுகின்றன.

———

வாதம் பிடித்திருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் உங்கள் அடையே ஏமாற்றும். //நூல்[1] என்பதை ‘முதல் நூல்’ என்று படித்தால் ஒன்றே ஒன்று என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு தாய்க்கணுவுக்கும் அதன் முதல் நூல் வரும். பத்து அலமாரி இருந்தால் பத்து. ஆவணம் முழுமைக்கும் ஒன்று வேண்டுமென்றால் (//நூல்)[1] என்று பிறைக்குறி போட வேண்டும்.

அதோடு ‘அடை’ தனியாக நிற்காது. கலைச்சொல் அட்டவணையில் ‘அடைப்பு’க்கு அடுத்த வரியில் வந்து குழப்பும், வினையாகவும் படிக்கப்படும். முன்னொட்டு ஒன்று வேண்டும். ‘தெரியடை’? தெரி என்பது தேர்ந்தெடு. தெரியும் அடை, வினைத்தொகை. செல்லாத தெரியடை, எண் தெரியடை, தெரியடைக் கோவை (எக்ஸ்பிரஷன்) எல்லாம் இயல்பாக வருகின்றன.

ஜாவாஸ்கிரிப்ட் வகை மொழிகளுக்கான எக்ஸ்எம்எல் நீட்டிப்பான இ4எக்ஸ் என்ற ஈசிஎம்ஏ-357க்கும் இதுவே பொருந்துமா? அங்கே இதற்குச் சதுர அடைப்பு இல்லை. புள்ளியும் பிறைக்குறியும்: நூலகம்.நூல்.(விலை < 200).

———

பொருந்தும், ஒரு குறிப்போடு. இ4எக்ஸில் தெரியடை பிறைக்குறிக்குள் இருக்கும். இட எண் தெரியடையே அல்ல, வெறும் சுட்டெண், அதுவும் 0இல் தொடங்கும். இ4எக்ஸை ஏற்ற நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் ஏதேனும் ஒரு நூலுக்கு விலை இல்லாவிட்டால் கோவை முழுவதும் பிழையாகி நிற்கும். எக்ஸ்பாத் அந்த நூலைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். விலை ‘1,200’ என்று காற்புள்ளியோடு இருந்தாலும் எக்ஸ்பாத்தில் அதே கதி: எண்ணாக மாறாது, ஒப்பீடு பொய். இரண்டையும் ஒரே அட்டவணையில் போடலாம்.

முதல் நூல் சிக்கலுக்குச் சொல்லை மாற்றத் தேவையில்லை. வரையறையில் ‘படியைத் தழுவும் அடை’ என்று எழுதினால் போதும். தழுவுவது படியை, அதாவது பாதையில் சாய்கோடுகளுக்கு இடையே வரும் ஒரு பகுதியை; பாதை முழுவதையும் அல்ல. பிறைக்குறி போட்டால் முழுக் கோவையையும் தழுவும்.

ஏரணத்தில் (தர்க்கவியலில்) பயனிலை அப்படியே இருக்கட்டும். பட்டியலை வடிகட்டும்போது கொடுக்கும் மெய்/பொய் செயற்கூறைச் ‘சோதனைச் செயற்கூறு’ என்போம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றிலேயே அடைக்க வேண்டியதில்லை. ‘தெரியடை’ என்று வரைவில் மாற்றிவிடுகிறேன். பழைய ‘வடிகட்டி’ 2ஆம் இயலில் எங்காவது மிஞ்சியிருந்தால் சுட்டுங்கள்.