ஒக்லஹோமா பைசன் புல்வெளி: காடா, மாட்டுப்பண்ணையா?

பிளேனோ பாண்டியன்:
நம்ம டல்லாஸ் வாட்ஸப் குழுவில் ஒருவர் போட்ட பதிவு: "ஒக்லஹோமாவில் பாஹஸ்கா பக்கம் டால்கிராஸ் ப்ரெய்ரி என்ற உயரப்புல் வெளிக்குப் போய் வந்தோம். சுதந்திரமாகத் திரியும் காட்டு பைசன்களை (அமெரிக்கக் காட்டெருமைகளை) காருக்குள் இருந்தபடியே பார்த்தோம். இனி ஆப்பிரிக்கா எதற்கு?" ஆளாளுக்கு இதயம் போட்டுத் தள்ளியிருந்தார்கள். அதை நம்பி நானும் குடும்பத்தோடு போனேன். உள்ளே நுழையும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருக்கிறார்கள், மாட்டின் கால் சிக்கும் என்பதால் தாண்டாதாம். இரண்டு பக்கமும் கம்பி வேலி. வேலி போட்டால் அது பண்ணை. இதற்குப் பேர் காடா?

துல்சா தேன்மொழி:
பதிவு போட்டது நான்தான். பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. வேலி இல்லை என்று நான் எங்கே எழுதினேன்? அந்த இடம் ஏறக்குறைய 40,000 ஏக்கர். நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1989ல் ஒரு பழைய மாட்டுப்பண்ணையை வாங்கி ஆரம்பித்தது. 1993ல் 300 பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள், இன்று இரண்டாயிரத்துக்கு மேல். அனுமதிக் கட்டணம்கூட இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் உங்களுக்கு?

பிளேனோ பாண்டியன்:
பார்த்தீர்களா, "பழைய மாட்டுப்பண்ணை" என்று அவரே சொல்கிறார். நான் ஏக்கர் கணக்குக் கேட்கவில்லை. வேலி இருக்கா, இல்லையா?

துல்சா தேன்மொழி:
இருக்கிறது! அதுக்கென்ன இப்போ?

பிளேனோ பாண்டியன்:
அவ்வளவுதான். நன்றி.

சும்மா வந்தவன்:
வாடகைக் காரில் அந்த ஜல்லிச் சாலையில் போகலாமா? சின்ன கார்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடை மலையான்:
எங்க கொடைக்கானலில் காட்டுமாடு ஏரிக்கரை வரைக்கும் வந்து நிற்கும். டீக்கடை வாசலில் நிற்கும். வேலியாவது, குழாயாவது! எடையிலும் உயரத்திலும் உங்க பைசன் அதுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. இதைப் பார்க்க பெட்ரோல் போட்டு இவ்வளவு தூரம் போகிறவர்களை என்ன சொல்ல!

துல்சா தேன்மொழி:
கொடை அண்ணா, அதே காட்டுமாடு ஆளை முட்டித் தூக்கிய செய்தியும் வருகிறதே, அதையும் பெருமையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டியன் சார், நீங்கள் எந்த நேரத்தில் போனீர்கள்? உச்சி வெயிலில் போய், ஒரு கிழட்டுக் காளையைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். அதுதான் கோபம். அங்கே வருஷா வருஷம் ஒரு பகுதிப் புல்லை வேண்டுமென்றே எரிப்பார்கள். கரியில் பச்சைப் புல் துளிர்த்ததும் மந்தை முழுக்க அங்கேதான் நிற்கும். இந்த வருஷம் எந்தப் பக்கம் எரித்தார்கள் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போனால் தப்பாது. நாங்கள் மே மாதம் போனபோது பாதி உரிந்த ரோமம் கம்பளிக் கிழிசலாகத் தொங்க, ஒரு பசு எங்கள் கார் பக்கக் கண்ணாடியில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது. பின்னால் செங்கல் நிறத்தில் கன்று. சற்றுத் தள்ளி ஒரு காளை புழுதிக்குழியில் நாலு காலும் மேலே தெரிய உருண்டது. தூசி வந்து முன் கண்ணாடியை மூடிவிட்டது.

பிளேனோ பாண்டியன்:
கண்ணாடியில் கழுத்தைத் தேய்க்கிறதாம். காட்டு மிருகம் செய்கிற வேலையா இது? என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். இன்னொன்று, இலையுதிர்காலத்தில் அத்தனையையும் ஓட்டிப் பட்டியில் அடைத்து, ஊசி போட்டு, கூடுதலாக இருப்பதை விற்கிறார்கள். இது உண்மையா, இல்லையா? யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போய்ப் பாருங்கள். அங்கே வேலி கிடையாது. அது காடு.

பெட்ரோல் ராசா:
எல்லாரும் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்தப் புல்வெளிக்குள்ளேயே எண்ணெய் பம்ப் தலையாட்டிக்கொண்டு நிற்கும். நிலம் யாருடையதாக இருந்தாலும், அந்த இடம் இருக்கும் ஓசேஜ் கவுண்டியில் நிலத்தடி எண்ணெய் உரிமை 1906 சட்டப்படி ஓசேஜ் பழங்குடி மக்களுக்கு. அவர்களே 2016ல் பக்கத்தில் சிஎன்என் டிவி ஆரம்பித்த டெட் டர்னரின் பண்ணையை வாங்கினார்கள், 43,000 ஏக்கர். அங்கேயும் பைசன் உண்டு.

பிளேனோ பாண்டியன்:
அங்கே வேலி உண்டா?

பெட்ரோல் ராசா:
நான் எண்ணெயைப் பற்றிப் பேசுகிறேன் சார்.

துல்சா தேன்மொழி:
யெல்லோஸ்டோன் கதையை முழுசாகச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் பனி மூடியதும் மேய்ச்சல் தேடி மொன்டானா பக்கம் இறங்குகிற பைசன்களைப் பிடித்து வெட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், எல்லையில் சுடவும் செய்கிறார்கள். கம்பி இல்லை, துப்பாக்கி இருக்கிறது. அப்புறம் உங்க டல்லாஸ்காரர்கள் கொண்டாடும், இதே ஒக்லஹோமாவில் இருக்கும் விச்சிட்டா மலைச் சரணாலயம்? 1907ல் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையிலிருந்து 15 பைசன்களை ரயிலேற்றிக் கொண்டுவந்து விட்டதுதான் அந்த மந்தை. போன வருஷம் அங்கே நின்று "காட்டு ராஜா" என்று படம் போட்டது யார்?

பிளேனோ பாண்டியன்:
அந்தப் படத்தில் வேலி தெரிகிறதா?

துல்சா தேன்மொழி:
வேலி இருக்கிறது சார், உங்க முதுகுக்குப் பின்னால்! விச்சிட்டா சரணாலயத்தைச் சுற்றியும் வேலிதான்.

பிளேனோ பாண்டியன்:
படத்தில் தெரியவில்லை. தெரியாத வேலியும் முகத்தில் அடிக்கிற வேலியும் ஒன்றில்லை.

கன்சாஸ் கணேசன்:
மன்னிக்கவும், டால்கிராஸ் ப்ரெய்ரியில் காரை உள்ளே விடவே மாட்டார்கள். பைசன் மேயும் இடத்துக்கு நடந்துதான் போகணும். தேன்மொழி அக்கா கட்டுக்கதை சொல்கிறார்.

துல்சா தேன்மொழி:
தம்பி, நீங்கள் சொல்வது கன்சாஸில் ஸ்ட்ராங் சிட்டி பக்கம் அதே பேரில் இருக்கும் தேசியக் காப்பகம். அங்கே பைசன் மந்தை 2009ல் 13 பைசன்களோடு ஆரம்பித்தது. நாங்கள் பேசுவது ஒக்லஹோமா. இரண்டுக்கும் நடுவில் மாநில எல்லையே இருக்கிறது. படித்துவிட்டு "கட்டுக்கதை" என்று எழுதுங்கள்.

கன்சாஸ் கணேசன்:
பேர் ஒன்றுதானே. எங்களுடையதுதான் உண்மையானது, அரசாங்கம் நடத்துவது.

கொடை மலையான்:
முதுமலைக்கு வாங்கடா எல்லாரும்.

பிளேனோ பாண்டியன்:
மலையான், நீங்க பொறுங்க. தேன்மொழி அம்மாவுக்கு எப்போதும் இதே பழக்கம். பொங்கல் விழாவில் பார்க்கிங் "தாராளமாக இருக்கிறது" என்று குழுவில் போட்டார். நாங்கள் ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டுக் கரும்பைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். அன்றைக்குத் தாராளம், இன்றைக்குச் சுதந்திரம். என் கேள்வி ஒன்றுதான்: வேலிக்குள் சுதந்திரம் எப்படி வரும்?

துல்சா தேன்மொழி:
கடைசி ஆளாக வந்தால் பார்க்கிங் எங்கே கிடைக்கும்? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த நாட்டில் மிஞ்சியதே ஆயிரத்துக்கும் குறைவு. உயரப்புல் வெளியில் நூற்றுக்கு நாலு பங்குகூட மிச்சமில்லை. அடியில் சுண்ணாம்புக்கல்லாக இருந்ததால் ஏர் இறங்கவில்லை, அதனால்தான் இந்தத் துண்டாவது பிழைத்தது. வேலியைப் பிடுங்கினால் அடுத்த வீட்டுக் கோதுமை வயலில் இறங்கும், நெடுஞ்சாலையில் லாரியில் அடிபடும். யார் பொறுப்பு, நீங்களா?

பிளேனோ பாண்டியன்:
ஆக, வேலி இருக்கிறது.

சும்மா வந்தவன்:
யாராவது அந்தக் கார் விஷயம் சொல்லுங்களேன். சனிக்கிழமை கிளம்புகிறோம்.

பெட்ரோல் ராசா:
போகலாம் தம்பி, மெதுவாக ஓட்டினால் சின்ன காருக்குப் போதும். பாஹஸ்காவிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே பங்க் கிடையாது. ஜூலை, ஆகஸ்ட்டில் காளைகளுக்கு மதம் பிடிக்கும் காலம். வாலைத் தூக்கிவிட்டால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். குதிரை வேகத்தில் ஓடும் அது.

கன்சாஸ் கணேசன்:
நடந்தால்தான் புல்வெளி தெரியும். காரில் போவதற்கு வீட்டிலேயே யூடியூப் பார்க்கலாம்.

பிளேனோ பாண்டியன்:
தம்பி, போனால் நுழைவாயிலில் அந்தக் குழாய்ப் பாலத்தை வேலியோடு சேர்த்து ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். பைசன் படம் வேண்டாம்.

துல்சா தேன்மொழி:
போடட்டும். அதுக்குக் கீழே உங்க "காட்டு ராஜா" படத்தையும் நான் போடுகிறேன்.