மெயின் என்ஜின் ஒரு தடவை எடுக்கிறது, ஒரு தடவை எடுக்கவில்லை. அவசரம்!

எர்ணாவூர்_தம்பி (இரவு 9:12)
அண்ணன்மார்களே, எண்ணூருக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கிறோம். நிலக்கரிக் கப்பல். காலையில் காமராஜர் துறைமுகத்தில் பெர்த், அதாவது கரையோரம் கட்ட வேண்டும். பாரதீப்பில் கிளம்பும்போது மெயின் என்ஜின் இரண்டு தடவை எடுக்கவில்லை, அப்புறம் எடுத்தது. இங்கே நங்கூரம் போடும்போதும் அதே கதை. துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறிய பிறகு இப்படி ஆனால்? என்ன பார்க்கலாம்? நான் ஜூனியர் என்ஜினியர், முதல் கப்பல்.

டீசல்_பித்தன் (9:20)
சந்தேகமே வேண்டாம், எண்ணெய்தான். 2020-இல் கந்தக அளவை 0.5 சதவீதமாகக் குறைத்ததிலிருந்து வரும் எண்ணெயில் மெழுகு அதிகம். ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

ராயபுரம்_பழைய_செகண்ட் (9:24)
தம்பி, எத்தனை சிலிண்டர்? ஸ்டார்ட் பண்ணக் காற்று அடைத்து வைக்கும் ஏர் பாட்டிலில் பிரஷர் எவ்வளவு? முக்கியமாக, என்ஜின் சுழலவே இல்லையா, இல்லை சுழன்றும் தீப்பிடிக்கவில்லையா? இது தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது குருட்டாம்போக்குதான்.

காசிமேடு_லாஞ்சி (9:31)
பேட்டரி பார்த்தீர்களா? எங்கள் லாஞ்சியில் செல்ஃப் வீக் ஆனால் இப்படித்தான் படுத்தும்.

கிராங்க்கேஸ் (9:35)
பேட்டரியா! இந்த மாதிரிப் பெரிய கப்பலின் மெயின் என்ஜினுக்கு செல்ஃப் மோட்டார் கிடையாது. 30 பார் அழுத்தக் காற்றை நேராக சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனை அழுத்தித்தான் சுழற்ற வேண்டும். இதுகூடத் தெரியாதவர்கள் பதில் போடாமல் இருக்கலாம். தம்பிக்கும் ஒன்று: வேலை பார்க்கும்போது என்ஜினை மெதுவாகத் திருப்பும் டர்னிங் கியரைக் கழற்ற மறந்திருப்பீர்கள். இதெல்லாம் முதல் வருடப் பாடம்.

திருவொற்றியூர்_வால்வு (9:38)
டர்னிங் கியர் மாட்டியிருந்தால் இன்டர்லாக் என்ற தடுப்பு என்ஜினைக் கடைசி வரை ஸ்டார்ட் ஆக விடாது. மூன்றாவது தடவை எப்படி எடுத்தது? கேட்க வந்தவரை அதட்ட வேண்டாம் சார்.

எர்ணாவூர்_தம்பி (10:02)
மன்னிக்கவும், சிக்னல் வந்து வந்து போகிறது. டூ ஸ்ட்ரோக், 5 சிலிண்டர். பாட்டில் 28 பார். சுழலவே இல்லை, காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அஸ்டர்ன் (பின்னோக்கி) ஒரு கிக் கொடுத்து, திரும்ப அஹெட் (முன்னோக்கி) கொடுத்ததும் எடுத்துவிட்டது.

ராயபுரம்_பழைய_செகண்ட் (10:09)
இதைத்தானே தம்பி முதலில் சொல்லியிருக்க வேண்டும்! சுழலவே இல்லை என்றால் எண்ணெய்க்கு இன்னும் முறையே வரவில்லை. பித்தன் சொன்ன ஃபில்டரை விட்டுவிடுங்கள். 5 சிலிண்டர் என்றால் 72 டிகிரிக்கு ஒரு பிஸ்டன் முறை வைத்துக் காற்றை வாங்கும். அதில் ஒரு யூனிட்டின் (சிலிண்டரின்) காற்றை உள்ளே விடும் ஸ்டார்ட்டிங் ஏர் வால்வு திறக்காமல் ஒட்டிக்கொண்டால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் சரியாக அந்த இடத்தில் நின்ற அன்றைக்கு என்ஜின் அசையாது. அஸ்டர்ன் கிக் கொடுத்ததும் கிராங்க் இடம் மாறியது, பக்கத்து சிலிண்டர் தள்ளிவிட்டது. அவ்வளவுதான்.

எடுக்காமல் நின்றபோது ஃப்ளைவீலில் எத்தனை டிகிரி என்று யாராவது குறித்தார்களா? அந்த நிலையில் எந்த பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருக்கிறதோ, அந்த யூனிட் வால்வைக் கழற்றுங்கள்.

காசிமேடு_லாஞ்சி (10:15)
அஸ்டர்ன் போட கியர் இருக்குமே, அதற்கு எதற்கு என்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும்?

திருவொற்றியூர்_வால்வு (10:19)
கியரே கிடையாது அண்ணா. கிராங்க் ஷாஃப்ட் நேராக புரொப்பல்லரோடு சேர்ந்திருக்கும். பின்னால் போக வேண்டுமென்றால் என்ஜினை நிறுத்தி, எதிர்ப்பக்கம் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

காசிமேடு_லாஞ்சி (10:22)
என் மச்சான் ஓட்டும் டக்கில் (கப்பலை இழுக்கும் படகில்) கியர்பாக்ஸை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிராங்க்கேஸ் (10:26)
டக்கும் கப்பலும் ஒன்றா? 2006-இல் வந்த எம்மா மேர்ஸ்க் கப்பலின் என்ஜின் 14 சிலிண்டர், 80,000 கிலோவாட்டுக்கு மேல். பிஸ்டனின் குறுக்களவு 96 சென்டிமீட்டர், ஓட்டம் 2.5 மீட்டர். முழு வேகத்திலேயே நிமிடத்துக்கு 102 சுற்றுதான். இவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது கியர் எதற்கு?

திருவொற்றியூர்_வால்வு (10:33)
இரண்டு பேர் சொல்வதும் சரிதான். டக்கில் இருப்பது வேகமாகச் சுற்றும் ஃபோர் ஸ்ட்ரோக், வேகத்தைக் குறைக்க அதற்கு கியர் வேண்டும். பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் எண்ணெய் மிச்சம், அதனால்தான் சரக்குக் கப்பலில் இந்த நிதானமான என்ஜின். லாஞ்சி அண்ணா கேட்டது நல்ல கேள்வி. அவரை யாரும் விரட்ட வேண்டாம்.

டீசல்_பித்தன் (10:40)
இருந்தாலும் ஃபில்டரை ஒரு தடவை பார்ப்பதில் தப்பில்லை.

ராயபுரம்_பழைய_செகண்ட் (10:44)
தம்பி, இன்னும் இருக்கிறீர்களா? ஏர் பாட்டிலில் தினமும் தண்ணீர் வடிக்கிறீர்களா? நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரஸர் அதை அப்படியே பாட்டிலுக்குள் இறக்கும், அந்தத் தண்ணீர் ஏர் லைனுக்குப் போய் வால்வின் தண்டை, அதாவது ஸ்பிண்டிலைத் துருப்பிடிக்க வைக்கும். இன்னொன்று, திறக்காத வால்வு தொல்லைதான். ஆனால் மூடாத வால்வு ஆபத்து: சிலிண்டரின் சூடு ஏர் லைனுக்குள் திரும்பி வந்தால், அங்கே படிந்த எண்ணெய் வெடித்துவிடும். என்ஜின் ஓடும்போது ஐந்து யூனிட்டின் ஏர் பைப்பையும் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் உடனே உங்கள் செகண்ட் என்ஜினியரிடம் சொல்லுங்கள்.

கிராங்க்கேஸ் (10:51)
நங்கூரத்தில் என்ஜினைப் பிரிக்கும் முன் சீஃப் என்ஜினியர், கேப்டன் வழியாகத் துறைமுகத்திடம் அனுமதி வாங்குங்கள். காற்று லைனை மூடி, அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டுத்தான் நட்டில் கை வைக்க வேண்டும்.

எர்ணாவூர்_தம்பி (காலை 5:40)
3-ஆம் யூனிட். ஸ்பிண்டில் துருவேறி இறுகிக் கிடந்தது. ஸ்பேர் போட்டாயிற்று, அஹெட், அஸ்டர்ன் இரண்டும் முதல் கிக்கிலேயே எடுத்தது. பாட்டிலில் அரை வாளி தண்ணீர் வந்தது. செகண்ட் அண்ணனுக்கு ரொம்ப நன்றி. பைலட் ஏறுகிறார், போகிறேன்.