பதினைந்தாயிரத்துக்குள் டெலி ஜூம்: சுவரில் சோதிப்பதா, சதுப்பில் சோதிப்பதா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். கையில் இருப்பது கேனன் 1500டி கேமரா, கூட வந்த 18-55 மிமீ லென்ஸ். பள்ளிக்கரணைச் சதுப்பு, வீட்டிலிருந்து பத்து நிமிடம். பூநாரை வந்திருக்கிறது என்று ஓடினால், 55-இல் அது வெள்ளைப் புள்ளியாகத்தான் விழுகிறது. பட்ஜெட் 15,000. (வீட்டில் சொல்லியிருப்பது 12,000.) மூன்று வழி தெரிகிறது. செகண்ட் ஹேண்டில் 55-250 எஸ்டிஎம். புதிதாக 75-300, ஐஎஸ் (கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி) கிடையாது. அப்புறம் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் வேறு கம்பெனியின் பழைய 70-300, விலை 6,500 சொல்கிறார்கள். மனசு 300 பக்கம் சாய்கிறது. எதை வாங்கலாம், வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

மடையான்70:
தம்பி, 300 என்ற எண்ணில் மயங்க வேண்டாம். 250-க்கும் அதற்கும் ஒன்றேகால் மடங்குகூட வித்தியாசமில்லை. 250-இல் எடுத்து 300 அளவுக்கு வெட்டினாலும் உங்கள் 24 மெகாபிக்சலில் பதினாறரைக்கு மேல் மிச்சம் இருக்கும். ஐஎஸ் இல்லாத 300-ஐ உங்களுடையது மாதிரி 1.6 கிராப் கேமராவில் (சென்சார் சிறியது, காட்சி அத்தனை மடங்கு நெருங்கித் தெரியும்) மாட்டினால் 480 கணக்கு. ஷட்டர் வேகம் அந்த எண்ணில் ஒரு பங்கு வினாடிக்கு, அதாவது 1/500-க்குக் கீழே இறங்கினால் கை ஆட்டம் படத்தில் தெரிந்துவிடும். இப்போது விற்கும் 75-300 1999-இல் வந்தது, பிலிம் காலத்துச் சரக்கு. 55-250 எஸ்டிஎம் 2013-இல் வந்தது. எடை 375 கிராம். 85 சென்டிமீட்டரிலேயே ஃபோகஸ் ஆகும், தட்டான்பூச்சிக்கும் உதவும். கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள்.

சோதனைக்கு ஒரே வழிதான். காலை ஆறரைக்குச் சதுப்பை ஒட்டிய ரேடியல் ரோட்டில் நில்லுங்கள். நாமக்கோழியின் சிவப்புக் கண் தெளிவாக விழுந்தால் நல்ல லென்ஸ். சுவரில் பேப்பர் ஒட்டிப் படம் எடுக்கிறவர்கள் கடைசிவரை பேப்பரைத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

முக்காலி:
கடைசி வரி யாருக்கு என்று புரிகிறது அண்ணா. லென்ஸ் தேர்வில் உங்களோடு சண்டை இல்லை. சோதனையில்தான் சண்டை. நாமக்கோழி மங்கலாக விழுந்தால் யார் குற்றவாளி? லென்ஸா, ஃபோகஸா, கை ஆட்டமா, பறவை தலையைத் திருப்பியதா, தண்ணீர் மேல் அலையும் காற்றா? ஐந்து பேர் மேல் சந்தேகம், ஒருவரையும் பிடிக்க முடியாது. சுவர் அவர்களில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

வேளச்சேரிவாசி, மொட்டைமாடிச் சுவரில் தினசரியின் வரிவிளம்பரப் பக்கங்கள் நாலைந்தை ஒட்டுங்கள். படச்சட்டத்தின் நாலு மூலையிலும் எழுத்து விழவேண்டும். கேமரா ஸ்டாண்டில், ஐஎஸ் அணைத்து, லைவ் வியூவில் (பின்திரையில்) பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ், இரண்டு வினாடி டைமர். லென்ஸ் திறப்பு எஃப் 5.6, 8, 11 (எண் ஏற ஏறத் திறப்பு சுருங்கும்) ஒவ்வொன்றிலும் மூன்று படம், ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி. 5.6-இல் நடுவில் எழுத்து படிக்க வந்தால் போதும், 8-இல் ஓரங்களும் தேறவேண்டும். 11-ஐத் தாண்டினால் டிஃப்ராக்‌ஷன் (சிறு துளையில் ஒளி விரிந்து பரவுவது) வந்து எல்லா லென்ஸையும் ஒரே மாதிரி மழுங்கடிக்கும், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

முக்கியம்: நாலு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது மலிவு லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும், அல்லது ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம். கீழே விழுந்த லென்ஸில் இது சகஜம். விற்கிறவர் சொல்லமாட்டார்.

கல்யாணஆல்பம்:
சார், செகண்ட் ஹேண்ட் கடையில் சுவரில் பேப்பர் ஒட்ட எவன் விடுவான்? கிடைப்பது ஐந்து நிமிடம். நான் வாங்கும்போது முதலில் போன் டார்ச். லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பார்ப்பேன். தூசி புள்ளியாகத் தெரியும், அதைப் பற்றிக் கவலை இல்லை. சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டுத் தெரிந்தால் ஃபங்கஸ், வைத்துவிட்டு வந்துவிடணும். நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் பிடிக்கும், பையோடு அலமாரியில் வைத்த லென்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். அரிசி டப்பாவில் போட்டு வைத்தேன் என்று ஒருத்தர் பெருமையாகச் சொல்வார், தவிட்டுத் தூள் ஜூம் வளையத்துக்குள் போயிருக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், அவ்வளவுதான் செலவு.

அப்புறம் ஜூம் வளையம் எங்காவது சிக்குகிறதா, கீழே சாய்த்தால் குழல் தானாக இறங்குகிறதா, ஃபோகஸ் ஒரே பொருளில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நிற்கிறதா. கடை வாசலில் நின்று எதிர்ப்பக்கம் போர்டை நாலு படம். முடிந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த லென்ஸை மார்கழிக் கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சபா வெளிச்சத்தில் 5.6 திறப்பு வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஐஎஸ் உங்கள் கையைத்தான் நிறுத்தும், மிருதங்கக்காரர் கையை நிறுத்தாது.

பரணில்நிக்கான்:
நிக்கான் ஆட்கள் யாராவது படித்தால்: ஏஎஃப்-பி 70-300 (2016) நல்ல மலிவு லென்ஸ், ஆனால் டி3200 மாதிரி பழைய கேமரா உடல்களில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. அதிலேயே விஆர் (நிக்கானின் ஐஎஸ்) உள்ளது, இல்லாதது என்று இரண்டு உண்டு. பெயரில் விஆர் எழுத்து இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். நான் பார்க்கவில்லை. பரணில் இருக்கிறது.

மடையான்70:
முக்காலி, சுவர் ஆறு மீட்டரில் இருக்கும். பறவை அறுபது மீட்டரில். கிட்டத்தில் நன்றாக விழும் ஜூம் தூரத்தில் சொதப்புவது உண்டு, தெரியாதா? ஐஎஸ்ஸை அணைத்துவிட்டுச் சோதித்தால் ஐஎஸ் ஒழுங்கா என்று யார் சொல்வது? ஸ்டாண்டில் நிற்கும் லென்ஸுக்குக் கொடுக்கும் மதிப்பெண், கையில் பிடித்தால் செல்லாது.

முக்காலி:
தூரம் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் பறவை வேண்டாம், பறக்காத ஒன்று போதும். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் சாயங்காலம் நின்றால் வெயில் முதுகில், எதிரே கபாலி கோயில் கோபுரம். சுதைச் சிற்பங்களின் விரல், நகை எல்லாம் இலவசச் சோதனை அட்டை. கறுப்பு விளிம்பும் வெளிர் வானமும் சேருமிடத்தில் ஊதாக்கோடு எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். ஐஎஸ்ஸையும் அங்கேயே: 250-இல் கையில் பிடித்து 1/60-இல் பத்துப் படம், அணைத்துவிட்டு இன்னொரு பத்து. இரண்டிலும் எத்தனை தேறியது என்று எண்ணுங்கள். ஐஎஸ் மூன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரட்டிப்பு) தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. அதன்படி 1/400 தேவைப்படும் இடத்தில் 1/40 வரை இறங்கலாம். எனக்கு 1/60-இல் பாதிதான் தேறுகிறது.

மடையான்70:
டீ குடித்தால் அதுவும் தேறாது. சரி, கோபுரம் நல்ல யோசனை. ஆனால் ரேடியல் ரோட்டுக்கு ஸ்டாண்ட் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒன்று: தண்ணீர் லாரி போனால் பாலம் நடுங்கும், ஸ்டாண்டும் கூடவே நடுங்கும். அங்கே கையில் பிடிப்பதே மேல். ஒன்பது மணிக்கு மேல் சதுப்பு மேலே காற்று கொதிக்க ஆரம்பித்துவிடும், லட்ச ரூபாய் லென்ஸும் அதைத் தாண்டாது. பாதிப் பேர் அந்த நேரத்தில் எடுத்துவிட்டுத்தான் 'என் லென்ஸ் சாஃப்ட்' என்று வருகிறார்கள்.

வேளச்சேரிவாசி:
பத்து நாள் கழித்து வருகிறேன். அந்த 70-300-ஐக் கடையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் நூல் நூலாக இருந்தது. "அது தூசி சார், துடைத்தால் போய்விடும்" என்றார் கடைக்காரர். துடைத்துக் காட்டச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

திருவான்மியூரில் ஒருவரிடம் 55-250 எஸ்டிஎம் 8,000-க்குக் கிடைத்தது. மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு வாங்கினேன். ஞாயிறு காலை மாடியில் பேப்பர் ஒட்டி எடுத்தால், வலது பக்கம் மங்கல்! இடது பக்கத்தில் 'வாடகைக்கு' படிக்க முடிகிறது, வலது பக்கத்தில் 'மணமகன் தேவை' கரைந்து கிடக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?

முக்காலி:
பொறுங்கள். கேமராவை அப்படியே தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். மங்கல் வாடகைப் பக்கம் தாவினால் குற்றம் லென்ஸில். மணமகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் உங்கள் கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை. நேர் பார்க்க, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். வியூஃபைண்டரின் நடுவில் உங்கள் லென்ஸே தெரியவேண்டும்.

வேளச்சேரிவாசி:
மணமகன் அசையவில்லை. கண்ணாடியில் பார்த்தால் லென்ஸ் நடுவில் இல்லை, என் காது தெரிந்தது. நேராக்கி எடுத்தேன், நாலு மூலையும் ஒரே மாதிரி. லென்ஸ் என்னிடமே இருக்கட்டும்.

மடையான்70:
ஆக, லென்ஸில் கோளாறு இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. அதே ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு கூழைக்கடா ரோட்டோரம் வந்து உட்கார்ந்திருந்தது தம்பி. என் 55-250-க்கே படச்சட்டம் நிறைந்துவிட்டது. படம் இரவு போடுகிறேன்.

முக்காலி:
போடுங்கள் அண்ணா. வெட்டாமல் போடுங்கள், நாலு மூலையும் பார்க்கணும்.